டீச்சர் போட்டோவுக்குப் பூ

கன்னிவாடி ரோடு, திண்டுக்கல்.
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கீர்த்தனா டீச்சரம்மாவுக்கு, பாலர் பள்ளி ஆயா பொன்னழகு எழுதிக்கொள்வது.

நான் நலம். என் வீட்டுக்காரர் நலம். அவருடைய இடுப்பு வலியும் குறையொன்றும் இல்லாமல் நலமாக இருக்கிறது. நீ நலமா என்று கேட்டுத்தான் முதலில் ஆரம்பித்தேன். பிறகு, இவள் எங்கே பதில் போடப் போகிறாள் என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. உன் அம்மாவைக் கேட்டால் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் போன் கொடுப்பார்கள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் அப்போதும் மணி அடித்து அடித்து ஓய்கிறது. நாகல் நகரில் இருந்து வேடசந்தூர் மில்லுக்குத்தானே போயிருக்கிறாய், நிலாவுக்கா போயிருக்கிறாய்?

இதை உங்கள் மில் பஸ் ஓட்டுகிற முருகேசனிடம் கொடுத்து அனுப்புகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பிரித்துப் படித்துவிடுவானோ என்று பயப்படாதே. கல்யாணப் பத்திரிகையையே அடுத்தவர் கையில் கொடுத்து, "எந்த மண்டபம்னு மட்டும் சொல்லுங்க, சாப்பாட்டு நேரத்த நானே கண்டுபிடிச்சிருவேன்" என்கிற ஆள். என் எழுத்தில் பிழை இருந்தால் நீ சிவப்பு மையால் சுழிக்கக் கூடாது. நான் அஞ்சாவது பாஸா பெயிலா என்பது எனக்கும் தெரியாது, அந்த வாத்தியாருக்கும் தெரியாது. ரிசல்ட் வருவதற்குள் என்னைப் பூப்பறிக்க அனுப்பிவிட்டார்கள்.

முதலில் பிள்ளைகள் சேதி சொல்கிறேன். இஷாக் இப்போதெல்லாம் கால்சட்டையிலேயே போவதில்லை. போவதற்கு முன்னால் ஊருக்கே அறிவித்துவிட்டுப் போகிறான். நர்கீஸ் இன்னும் வாயாடிதான். உன் இடத்தில் நின்றுகொண்டு, உன்னை மாதிரியே இடுப்பில் கை வைத்து, "யாரு பேசுறது?" என்று கேட்கிறாள். பேசுவதே அவள் ஒருத்திதான்.

நீ போனதில் இருந்து வகுப்பு எடுக்க ஆள் இல்லை. பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய, இல்லாவிட்டால் அதற்குப் படித்துக்கொண்டாவது இருக்கிற டீச்சர் இல்லாமல் இந்த வயசுப் பிள்ளைகளை வைத்து நடத்தக் கூடாது என்பது ரூல் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆயா சோறு ஊட்டலாம், கை கழுவி விடலாம், தூங்க வைக்கலாம், பலகையில் 'அ' எழுதிக் காட்டக் கூடாது என்று செயலாளர் சுக்கூர் பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் எழுதினால் அது வேறு எழுத்தாகத்தான் இருக்கும், அது தனிக் கதை. மூக்குத் துடைக்கிற வேலைக்கு எதற்குடி டிப்ளமா என்று உன்னை எம்புட்டுக் கேலி செய்திருப்பேன். இப்போது அந்தக் கேலி வாயில் வருவதில்லை.

நடுவில் பாஸிலா என்று ஒரு பெண் வந்தாள். சுக்கூர் பாய்க்குச் சொந்தம், நல்ல பிள்ளை, டிப்ளமா படித்தவள். அந்த வாரமே நின்றுவிட்டாள். கல்யாணம் பேசுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் இல்லை, டீச்சரம்மா. பிள்ளைகள் பேசுகிற பேச்சு.

சோலைமுத்துவைப் பற்றி எழுதாமலே கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் பெயரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும், உனக்குத் தெரியும். மூன்று வயசுப் பயலுக்குத் தாத்தா பெயரை வைத்தால் வேறு என்ன வரும்? "வாங்க பெரியவரே, பிள்ளைகுட்டி எல்லாம் சௌக்கியமா?" என்று நான் கேட்பேன். அவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருகிற மாதிரி வருவான். அவன் ஐப்பசி மழையில் போனான். பங்குனி வெயிலும் வந்துவிட்டது. நாங்கள்தான் இன்னும் அவனை அனுப்பி முடிக்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கைகழுவும் குழாயில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இஷாக், நர்கீஸ், என்று கூப்பிட்டுக்கொண்டே வந்த நாக்கு, பழக்கத்தில் "பெரியவரே, வெரசா வாங்க" என்று சொல்லிவிட்டது. சொன்னதும் கடித்துக்கொண்டேன். அதற்குள் இஷாக் தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே, "அவன் இன்னும் சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கான் ஆயா" என்றான். நான் குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இஷாக்தான் மூடாமல் வந்திருப்பான். அவன் எந்த நாளில் குழாயை மூடியிருக்கிறான்? பிறகு செத்த நேரம் கழித்துப் போனேன். குழாய் மூடியிருந்தது.

நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. என்னைப் பார்த்தால் பேய்தான் நாலு எட்டு தள்ளிப் போகும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை விட்டுத்தான் படுக்கிறார்கள். தள்ளிப் படுங்க என்று சொன்னால் நர்கீஸ், "ஆளு இருக்கு" என்கிறாள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவள் மாதிரி. நானும் வரிசையாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வருவேன். அந்த இடம் வந்தால் கை நிற்பதில்லை. அங்கேயும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குப் போகிறது.

அன்றைக்கு நடந்ததை நீ யாரையும் சொல்ல விடவில்லை. நான் வாயெடுத்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாய். தாளில் எழுதினால் எதைப் பொத்துவாய்?

விடியக்காலையிலேயே புவனா அவனைக் கொண்டுவந்து விட்டாள். மழையில் நனைந்த மல்லிகை மொட்டு பறிக்காமல் நின்றால் அழுகிவிடும் என்று அன்றைக்கு எல்லாத் தாய்மாரும் அவசரம். வயிறு வலிக்குது என்று ராத்திரியே சொன்னான், சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட வெஞ்சனம் சேரவில்லை போல என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் வந்ததும், டீச்சர் எங்கே என்று கேட்டான். டீச்சர் பரீட்சை எழுதப் போயிருக்கிறது என்றேன். "டீச்சருக்கு யாரு டீச்சரு?" என்று கேட்டான். அதுதான் அவன் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு கண்ணைத் திறக்கவே முடியவில்லை அவனுக்கு. இமை தானாக விழுந்தது. தூக்கம் என்று மடியில் போட்டுக்கொண்டேன். எச்சில் வடிந்து கழுத்தும் நிற்காமல் சாய்ந்ததும்தான் கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவில் போகும்போது என் கட்டைவிரலைப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் பிடியை விட்டுவிட்டான்.

கட்டுவிரியன் என்றார்கள். ராத்திரி தரையில் தூங்கும்போது தீண்டியிருக்கிறது என்றார்கள். பல் பட்ட இடம் எங்கே என்று எல்லோரும் தேடினார்கள், கண்ணுக்கே தெரியவில்லை. உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பரீட்சை நடக்கிற இடத்தில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நீ எழுதிக்கொண்டிருந்தது குழந்தைகள் உடல்நலம் என்ற பாடம். அதில்தான் நீ மற்றதைவிட நிறைய மார்க்கு வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொல்லி அழுதாள்.

நீ அங்கே இருந்திருந்தால் அந்த இமையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டிருப்பாயா? எனக்குத் தெரியாது, புள்ள. கண்டுபிடித்திருப்பாய் என்று சொன்னால் உன்னைக் கொன்றதாகிவிடும். கண்டுபிடித்திருக்கமாட்டாய் என்று சொன்னால், நீ ராப்பகலாகப் படித்த படிப்பு எதற்கு? அதனால் தெரியாது என்றே எழுதுகிறேன். இதை நினைத்துத்தான் எனக்கும் தூக்கம் வருவதில்லை, உனக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே.

இனிமேல் வருவது நடந்த கூத்து. சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்.

அந்தச் சான்றிதழ் தை மாதம் உன் வீட்டுக்கு வந்தது. நீ கையால் தொடமாட்டேன் என்று சொன்னாயாம். உன் அம்மா அதைக் கொண்டுவந்து சுக்கூர் பாயிடம் கொடுத்துவிட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். சோதனைக்கு ஆபீசரம்மா வந்தால் பயிற்சி பெற்ற டீச்சர் இருக்கிறார், இதோ சான்றிதழ், இன்றைக்கு லீவு என்று சொல்லிவிடலாம், அதற்குள் உன்னைச் சமாதானம் செய்து கூட்டிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நாகல் நகரில் ஒரு கடையில் கொடுத்து சட்டம் போட்டார். சான்றிதழில் உன் முகம் தபால் தலை மாதிரி இருக்கிறதே என்று, உன் போட்டோவைத் தனியாகப் பெரிதாக்கி அதன் மேலேயே வைத்துச் சட்டம் போடச் சொன்னார். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, சட்டத்துக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பையும் வைத்துக் கொடுத்துவிட்டார். பாய் வீட்டில் போட்டோ மாட்டுகிற வழக்கமே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? "பாத்தியா பொன்னழகு, பல்பு சும்மாவே குடுத்தான்" என்று அவரே ஸ்டூல் போட்டு ஏறி, உன் பலகைக்கு மேலே மாட்டினார். சுவிட்சைப் போட்டார், செத்தவர் போட்டோ மாதிரியே எரிந்தது. பல்பைக் கழற்றுங்க பாய் என்றேன். நல்லாத்தானே இருக்கு, முகம் தெளிவாத் தெரியுதே என்றார்.

மறுநாள் காலையில் அதில் பூ இருந்தது. இரண்டு முழம் மல்லிகை, நெருக்கிக் கட்டியது. எடுத்துப் போட்டேன். அடுத்த நாள் மறுபடியும் இருந்தது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தன. "டீச்சரும் செத்துப்போச்சா?" என்று இஷாக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நர்கீஸ் பதில் சொல்லிவிட்டாள்: "ஆமா. சோலைக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கு."

அதில் இருந்து அதுதான் விளையாட்டு. ஒருத்தர் டீச்சர், ஒருத்தர் சோலை. மற்ற பிள்ளைகளுக்கு அந்த வகுப்பில் இடம் இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். டீச்சராக இருக்கிற பிள்ளை மெதுவாகத்தான் பேசும். அங்கே சத்தமாகப் பேசக் கூடாதாம். பாஸிலா இதைத்தான் பார்த்தாள்.

நான் தடுத்தேன். "ஏலே, டீச்சர் வேடசந்தூருல நூலு சுத்திக்கிட்டு இருக்குடா" என்று கத்தினேன். "நீ பாத்தியா ஆயா?" என்று இஷாக் கேட்டான். நான் பார்க்கவில்லையே.

பத்து நாளைக்கு முன்னால் ஆபீசரம்மா திடுதிப்பென்று வந்துவிட்டார். சுக்கூர் பாய் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பயிற்சி பெற்ற டீச்சர் இருக்காங்க மேடம், சர்டிபிகேட் அங்க மாட்டியிருக்கு என்று கையைக் காட்டினார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தது. பூ, பல்பு, நடுவில் நீ. அவ்வளவுதான், அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டது. "அடடா, சின்ன வயசா இருக்கே. எப்ப ஆச்சு?" என்று கேட்டது. பாய் பல்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னால், எங்கே கூப்பிடுங்க என்று கேட்கும். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன், சிரிப்பை அடக்க. அந்தம்மா நான் அழுகிறேன் என்று நினைத்து என் தோளில் கை வைத்து, "அழாதீங்கம்மா, நல்லவங்களுக்குத்தான் இப்படி" என்றது. கை பட்டதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஆக, பயிற்சி பெற்ற ஆசிரியை காலமாகிவிட்டார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. மாதக் கடைசிக்குள் தகுதியுள்ள வேறு டீச்சரைக் காட்டாவிட்டால் பள்ளியை மூட வேண்டும் என்று பாய்க்குத் தாக்கீது வந்திருக்கிறது. இந்தச் சம்பளத்துக்கு, இந்தப் பொட்டல் ரோட்டுக்கு, டிப்ளமா படித்தவர் யார் வருகிறார்? மூடினால் பிள்ளைகள் எங்கே போகும்? தாய்மார் பூப்பறிக்கப் போகும்போது கூடவே கொண்டுபோய், வரப்பில் துண்டை விரித்துப் படுக்க வைப்பார்கள். விடியாத நேரத்தில் வரப்பில் என்னென்ன கிடக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. "அந்தப் புள்ள வந்து என் பக்கத்துல நின்னாப் போதும், தப்பு என்னுதுன்னு சொல்லி ஆபீசுல நான் திருத்திருவேன்" என்று பாய் தினமும் சொல்கிறார்.

இதைக் கேட்கத்தான் தாளை எடுத்தேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது.

பூப் போடுகிறவளை நான் கையோடு பிடித்துவிட்டேன். திருடியைப் பிடிக்கிற மாதிரி கதவுக்குப் பின்னால் நின்று பிடித்தேன். புவனா. சோலைமுத்துவைப் பெற்றவளேதான். பறித்த பூவைக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, கொஞ்சத்தை மடியில் மீத்துக் கட்டிக்கொண்டு வருகிறாள். "ஏண்டி, கீர்த்தனா உசுரோட இருக்கா, கல்லு மாதிரி இருக்கா, அவளுக்குப் போயி பூவப் போடுறியே" என்று கையை ஓங்கிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பூவை நேராக்கிக்கொண்டே சொன்னாள்: "உசுரோட இருந்தா துக்கம் கேக்க வந்திருக்குமேக்கா. ஊரே வந்துச்சு. முன்னப்பின்ன தெரியாத ஆஸ்பத்திரி நர்சு வந்துச்சு. அது வரல. அப்ப அதுவும் போயிருச்சுன்னுதான அர்த்தம்? போயிருந்தா எம்புள்ள கூடத்தான் இருக்கும். அவனுக்கு அங்க வேற யாரத் தெரியும்?"

ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் விளையாடுவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். நீ அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குகிறாள். இப்போது ராத்திரியில் தூங்குகிறாளாம். அவள் புருஷன் சொன்னான்.

அதனால் டீச்சரம்மா, பள்ளிக்கு வருவது இரண்டாவது வேலை. முதலில் புவனா வீட்டுக்குப் போ. இம்புட்டு நாள் கழித்தா என்று நினைக்காதே. துக்கத்துக்கு நாள் கடந்து வருகிறவர்களும் உண்டு. யாரும் உன்னை வா என்று சொல்லமாட்டார்கள், துக்க வீட்டில் சொல்லக் கூடாது. நீயாகத்தான் குனிந்து உள்ளே போக வேண்டும். உன்னைக் கண்டதும் அவள் தொட்டுப் பார்ப்பாள். கை சூடாக இருக்கும். அப்போது அவளுக்குத் தெரிந்துவிடும், பிள்ளை அங்கே தனியாகத்தான் இருக்கிறான் என்று. அந்த ஆத்திரத்தில் உன்னை அடித்தாலும் அடிப்பாள். வாங்கிக்கொள். கட்டிப் பிடித்து அழுதால் நீயும் அழு. அவளிடம் மன்னிப்புக் கேட்காதே, அவன் சிரித்துக்கொண்டே உன்னைக் கேட்டான் என்பதை மட்டும் சொல். என்னால் சொல்ல முடியவில்லை. அவளைப் பெற்றவள் மாதிரி பழகிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் என்னால் வாயில் எடுக்க முடியவில்லை. திரும்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிடாதே. பேசாமல் எழுந்து வா. வெளியே நான் நிற்பேன்.

வராவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய் எழுத வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பஞ்சு மூக்கில் ஏறாமல் துணியைக் கட்டிக்கொள். நீ நூறு வயசு இருக்க வேண்டும், கீர்த்தனா. தலை நரைத்து, பல் விழுந்து, என்னை மாதிரி வாயாடிக் கிழவியாகி, இந்த மண்ணிலேயே நடமாட வேண்டும். தினமும் சாமியிடம் இதைத்தான் கேட்கிறேன். சாமி கேட்டுக்கொண்டதா என்று எனக்கு எப்படித் தெரியும், நீ வந்தால்தானே தெரியும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அழகக்கா